கை பட்டு வந்த சிரிப்பு

போன்லயே பண்ணிரலாமேன்னுதான கேக்குறீங்க? பண்ணலாம்ணே, யாரு வேணாம்னா? அதுக்குன்னு ஆப்பு இருக்கு. போட்டோவப் போட்டு, பேரப் போட்டு, ஒரு தட்டுத் தட்டுனா ரெண்டு பக்கமும் வெளக்கு எரிய, மேல புறா பறக்க, போஸ்டர் வந்து நிக்கும். உங்க மச்சினன் மகன் காமிச்சாப்லன்னு சொன்னீங்கல்ல, அதை நானும் பாத்துருக்கேன். எல்லாச் சாவுக்கும் அதே புறாதான்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. உங்க தம்பிகிட்டருந்து பேருக வரணும்ல? மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்தின்னு வரிசையா அனுப்பச் சொல்லிருக்கீங்க. வரட்டும். அது வந்தாத்தான் கீழ எவ்வளவு எடம் விடணும்னு தெரியும். சில வீட்டுல ஒரு வரியில முடிஞ்சிரும், சில வீட்டுல ஊரே வந்து நிக்கும். அதுக்குள்ள நான் அம்மா படத்தச் சரி பண்ணுறேன். இது எப்ப எடுத்தது? பேத்தி காதுகுத்துலயா? நல்லா இருக்கு. கண்ணு நேராப் பாக்குது. செத்தவுக படத்துல கண்ணு நேராப் பாக்கணும்ணே, அப்பத்தான் ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திப் பாப்பான். தப்பா எடுத்துக்காதீங்க, நான் தொழிலப் பேசுறேன்.

இந்தக் கீபோர்டப் பாருங்க. எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. எந்தக் கட்டையில எந்த எழுத்துன்னு புதுசா வர்றவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு அடிக்க நான் கீழயும் பாக்க மாட்டேன், ஸ்கிரீனையும் பாக்க மாட்டேன். உங்க மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே அடிப்பேன். இந்தா, அடிச்சுட்டேன், பாத்தீங்களா? அதான் கட்டையோட அருமை. வெரலு போயி உக்காந்ததும் வந்துட்டியான்னு கேக்கும். அமுக்குனதும் சரின்னு சொல்லும். போன் கண்ணாடி என்ன சொல்லும்? ஒண்ணும் சொல்லாது. தொட்டாலும் அப்பிடித்தான் இருக்கும், தொடாட்டியும் அப்பிடித்தான் இருக்கும்.

மவுசு அதுக்கும் மேல. மவுச நீங்க பாட்டுக்கு நகட்டிக்கிட்டே இருக்கலாம். இந்தா, அம்புக்குறி அம்மா நெத்தியில போகுது, கண்ணுல போகுது, வாயில போகுது. ஏதாச்சும் ஆச்சா? ஆகாது. நான் கிளிக்குன்னு அமுக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. யோசிக்க நேரம் குடுக்குதுல்ல? டச் போன்ல அந்தப் பேச்சே கெடையாது. அதுல பாக்குறதும் செய்யுறதும் ஒண்ணு. நீங்க பாக்கலாம்னுதான் வெரல வைப்பீங்க. அது, நீங்க செஞ்சுட்டீங்கன்னு எடுத்துக்கும்.

டச்சே ஆகாதுன்னு நான் சொல்லலண்ணே. எங்க வீட்டுல தெய்வானை இருக்காளே, கேஸு சிலிண்டரு பதியிறது, கரண்ட் பில்லு கட்டுறது, அவுக அம்மா மொகத்தப் பாத்துப் பேசுறது, பூராம் அதுலதான். அடுப்புல ஒரு கை, போன்ல ஒரு கை. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரச் சொன்னா உக்காருவாளா? பச்சப்புள்ள கூட அதுல படத்தப் பெருசாக்கிச் சின்னதாக்கிப் பாக்குது. யாரும் சொல்லிக் குடுக்கல. நல்லதுதான். நான் இப்பிடிப் பேசுனா தெய்வானை என்ன சொல்லுவா தெரியுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்பா. சொல்லிட்டுப் போகட்டும். கூடம் கோணல்தான். அதுல விழுந்து எந்திரிச்சவன் நானு.

எங்க மதினி செத்தப்ப நடந்தத நீங்க கேட்டீங்கன்னா, நான் சொல்லுறது சரின்னு நீங்களே சொல்லுவீங்க.

கொஞ்சம் இருங்க, அம்மா காதுக்குப் பின்னாடி யாரோ ஒரு ஆளு கை தெரியுது. அத எடுத்துருவோம். காதுகுத்துக் கூட்டம்ல. ம். போச்சு.

எங்க மதினி பேரு அழகுமீனா. எங்க அண்ணன் சௌந்தரபாண்டிக்கு அவுகளக் கட்டி வந்தப்ப நான் அரை டவுசரு. எங்க அம்மா அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாக. அதனால எனக்குத் தலை சீவி விட்டது, சோறு போட்டது, கரண்டிக் காம்பால சாத்துனது எல்லாம் மதினிதான். ‘தம்பி’ன்னுதான் கூப்புடுவாக. அடிக்கும்போதும் தம்பிதான். அவுக தங்கச்சி ஒண்ணு இருந்துச்சு. அத எனக்குக் கட்டி வச்சுரணும்னு அவுகளுக்கு ஆசை. நான் தெய்வானையக் கட்டிக்கிட்டேன். அதுல இருந்து மதினி என் வீட்டு வாசப்படி மிதிக்கல, நானும் அண்ணன் வீட்டுக்கு அதிகமாப் போகல.

சண்டை இல்லண்ணே. சண்டைன்னா நாலு பேர வச்சுப் பேசித் தீத்துக்கலாம். இது பேசாம இருந்தது. அது பாட்டுக்கு வருசம் ஓடிருச்சு. தீவாளிக்குத் தீவாளி பிரகாசு, அண்ணன் மகன், ஒரு தூக்குவாளி கொண்டாந்து குடுப்பான். மிளகு தட்டிப் போட்ட முறுக்கு. மத்தவுகளுக்கெல்லாம் சாதா முறுக்கு, எனக்கு மட்டும் மிளகு. வாளி வரும், நான் தின்பேன், வாளியக் கழுவிக் குடுத்து விடுவோம். அவ்வளவுதான் எங்களுக்குள்ள போக்குவரத்து.

போன வைகாசியில அவுகளுக்கு மூச்சு எளைப்பு அதிகமாயி மதுரையில ஆஸ்பத்திரியில சேத்தாக. வைகாசின்னா உங்களுக்குத் தெரியும், முகூர்த்த மாசம். கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸு, தாம்பூலப் பை, தலைக்கு மேல வேலை. தெய்வானை ரெண்டு தடவை போயிட்டு வந்தா. ‘உங்களைக் கேட்டாக’ன்னா. போகணும் போகணும்னுதான் நானும் இருந்தேன். போகக்கூடாதுன்னு நெனச்சா அது வேற. நான் அப்பிடி நெனக்கல.

ஒருநாள் காலையில கடையத் தொறந்து கம்ப்யூட்டரப் போடுறேன், பிரகாசு போன் பண்ணுறான். ‘சித்தப்பா, அம்மா போயிருச்சு. போஸ்டர் அடிக்கணும்’னான். என் வாயில என்ன வந்துச்சுன்னா, ‘போட்டோ அனுப்புடா, கலங்கலா இல்லாம நல்ல போட்டோவா அனுப்பு’ன்னு வந்துச்சு. தெய்வானைகிட்ட இதச் சொன்னப்ப அவ ஒரு மாதிரியாப் பாத்தா. இதுல என்னண்ணே தப்பு? போஸ்டர் அடிக்கிறவன்கிட்ட அவன் போஸ்டர் கேட்டான், நான் போட்டோ கேட்டேன். தெனம் ரெண்டு சாவு வருது இந்தக் கடைக்கு. நான் ஒவ்வொண்ணுக்கும் ஐயோன்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நின்னா ஒட்டுறவன் எப்ப ஒட்டுறது, ஊருல எப்பத் தெரியுறது?

அவன் அனுப்புன படத்தப் பாத்தா, ஆஸ்பத்திரிக் கட்டில்ல எடுத்தது. மூக்குல ஆக்சிசன் டியூபு. கன்னத்துல பிளாஸ்திரி. மூக்குத்தியக் கழட்டி வச்சிருக்காக. ‘வேற இல்லையாடா’ன்னேன். ‘இதுலதான் அம்மா சிரிக்குது சித்தப்பா’ன்னான். பெரிய சிரிப்பெல்லாம் இல்ல, உதடு ஒரு பக்கம் லேசா ஏறியிருந்துச்சு. சரி, குடுத்தத வச்சுத்தான வேலை பாக்கணும்.

இந்த மாதிரி வேலை எனக்கு அரை மணி நேரம்ணே. அன்னைக்கு வெயில் சாயுற வரைக்கும் ஆயிருச்சு. ஃபைலு அவ்வளவு மோசம். மொகத்தப் பெருசாக்குனேன். பெருசாக்கி, பெருசாக்கி, ஸ்கிரீன் பூரா மூக்கு மட்டும்தான் தெரிஞ்சது. டியூபு போற எடத்த அப்பிடியே அழிச்சா வெள்ளையாப் போயிரும். அதனால கன்னத்துல நல்லா இருக்குற எடத்துல இருந்து தோலை எடுத்து எடுத்து அங்க வைக்கணும். இடது கை கட்டைய அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கும், வலது கை மவுசுல. பொட்டு மாதிரி ஒண்ணு, பொட்டு மாதிரி ஒண்ணு. மூச்ச வேகமா விட்டாக்கூட கை அசஞ்சிரும். இத டச்சுல பண்ணச் சொல்லுங்க பாப்போம். நம்ம வெரலே அவுக மூக்க மறைச்சிரும்.

டியூபு போனதும் பாக்குறேன், ஆளு வேற யாரோ மாதிரி இருக்காக. என்னடான்னா மூக்குத்தி இல்ல. எங்க மதினிக்கு ஏழு கல்லு மூக்குத்தி. அதுல கீழ இருக்குற ஒரு கல்லு மட்டும் மங்கலா இருக்கும். பழசு விழுந்து வேற கல்லு வச்சது. ஆசாரி சரியா வைக்கலன்னு அவுக ஏசுனது எனக்கு ஞாபகம் இருக்கு. அத அப்பிடியே வச்சேன். ஆறு கல்லு பளிச்சுன்னு, ஒரு கல்லு மங்கலா. எங்கயும் பாத்துச் செய்யல, பாக்கப் படமும் இல்ல. இதுக்கு நடுவுல பிரகாசு ரெண்டு மூணு தடவை கூப்புட்டுட்டான். ‘சித்தப்பா, ஆச்சா? நீ எப்ப வருவ?’ ‘இந்தா முடிஞ்சிருச்சுடா’ன்னேன். வேலைன்னா சரியா இருக்கணும்ல.

பிரகாசு அனுப்புன பேருகள அடிச்சேன். கணவர், மகன், மருமகள், பேத்தி, அவுக தங்கச்சி குடும்பம். கொழுந்தன்னு என் பேரு அதுல இல்ல. பய அவசரத்துல விட்டுருப்பான். நானும் சேக்கல. கஸ்டமர் குடுத்ததத்தான் அடிக்கணும், நாமளா ஒரு பேரச் சேக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அது தொழில்ல மொதப் பாடம். கடைசியில கடைப் பேரும் செல் நம்பரும் சின்னதா வரும், அது எல்லா ஃபைலுலயும் தானா இருக்கும். பிரிண்ட்டு போட்டு, ஒட்டுற ஆளுககிட்டக் குடுத்து, பிரகாசுக்குப் போன்லயும் அனுப்பிவிட்டுட்டுக் கடையச் சாத்திக் கெளம்புனேன்.

இங்கதான்ணே டச்சு வருது.

அண்ணன் வீட்டுக்குப் போக பஸ்ஸுல ஏறுனேன். பிரகாசு அந்தப் போஸ்டரக் குடும்பக் குரூப்புல போட்டுருக்கான். எங்க பங்காளிக, பொண்ணு குடுத்தவுக, எடுத்தவுக, துபாயில இருக்குறவுக, எல்லாரும் அதுல இருக்காக. எனக்கு என்னன்னா, அந்த மூக்குத்தி போன்ல எப்பிடித் தெரியுதுன்னு பாக்கணும். கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி தெரியும், போன்ல ஒரு மாதிரி தெரியும். மங்கக் கல்லு அழுக்கு மாதிரித் தெரிஞ்சுரக் கூடாதுல்ல? என் மக இளவேனி வாங்கிக் குடுத்த புதுப் போனு. அந்த மூக்குமேல கட்டைவெரல வச்சேன், பெருசாகும்னு. வச்சது வச்சபடியே நின்னுருச்சு. எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு தெரியல. சட்டுன்னு மேல ஒரு வரிசையா மூஞ்சிமூஞ்சியா வந்துச்சு. நான் கண்டேனா அதெல்லாம் என்னன்னு? ஏதோ வெளம்பரம் வந்து மதினி மொகத்த மறைக்குதுன்னு நெனச்சு, ‘போ’ன்னு தள்ளி விட்டேன். பஸ்ஸு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குச்சு. அந்த வரிசை மறைஞ்சு போச்சு. நல்லதுன்னு போனப் பையில போட்டுட்டேன்.

போயி எறங்குறேன், எடுத்துட்டாக. சுடுகாட்டுல இருந்து ஆம்பளைக திரும்பி வந்துக்கிட்டு இருக்காக. அண்ணன் ஈர வேட்டியோட வர்றாக. ‘அண்ணே’ன்னேன். என் மொகத்த ஒரு பார்வை பாத்தாக, வீட்டுக்குள்ள போயிட்டாக. துக்கத்துல இருக்குற மனுசன், கவனிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். பொம்பளைக பக்கத்துல பேச்சு சட்டுன்னு நின்னுச்சு. ஒரு வாய்த் தண்ணி குடிங்கன்னு யாரும் சொல்லல. நானும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தப்புறந்தான் இளவேனி போனத் தூக்கிக்கிட்டு வர்றா. ‘என்னப்பா இப்பிடிப் பண்ணி வச்சிருக்கீங்க?’ பாத்தா, எங்க மதினி கண்ணீர் அஞ்சலிக்கு அடியில ஒரு சிரிச்ச மூஞ்சி. தொட்டுப் பாத்தா என் பேரு. எல்லாரும் கும்புட்ட கை போட்டுருக்காக, நான் ஒருத்தன் மட்டும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். செஞ்சத இல்லாம ஆக்குற கண்ட்ரோல் இசட் இதுல எங்க இருக்குன்னு கேட்டேன். அந்தப் புள்ள என்னமோ பண்ணி அத எடுத்துருச்சு. எடுத்து என்ன செய்ய? ஊரே பாத்தாச்சு. எங்க அத்தை ஒண்ணு, நல்ல மனுசி, ‘கண்ணுல தண்ணி வருதுல்ல, அழுகுற மூஞ்சிதான்’னு எனக்காகப் பேசிப் பாத்துருக்கு. பிரகாசு பொண்டாட்டி படிச்ச புள்ள. ‘இல்ல அப்பத்தா, அது சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர்ற மூஞ்சி’ன்னு வெளக்கிச் சொல்லிருச்சு.

வெறும் வாய மெல்லுறவுகளுக்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிருச்சுண்ணே. தங்கச்சியக் கட்டாத கதைய எடுத்தாக. ஆஸ்பத்திரிக்கு வராத கதைய எடுத்தாக. போஸ்டர்ல சொந்தக்காரன்னு அவன் பேரு இல்ல, கடை வெளம்பரம் இருக்கு பாருன்னு அதையும் எடுத்தாக. தெய்வானை கூட ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே, ‘நெசமாவே கைதான் பட்டுச்சா?’ன்னா. கட்டுன பொண்டாட்டி கேக்குறா! நான் சாப்புட்டு எந்திரிச்சுட்டேன்.

சரி, வெளக்கிருவோம்னு நெனச்சேன். போன்ல டைப் அடிச்சா நான் ஒண்ணு அடிக்க அது ஒண்ணப் போடுது. அதனால இங்க உக்காந்து நல்லபடியா, எந்த எடத்துல வெரல் வச்சேன், எவ்வளவு நேரம் வச்சா அந்த வரிசை வரும், எப்பிடி மாறிப் போச்சுன்னு ஒரு பக்கத்துக்கு அடிச்சுப் படமாக்கிக் குரூப்புல போட்டேன். தெளிவா அடிச்சிருந்தேன், ஒரு பிழை கெடையாது. என்ன, அவசரத்துல மதினி போஸ்டர் ஃபைலயே தொறந்து எழுத்த மட்டும் மாத்தியிருக்கேன். ரெண்டு பக்கமும் வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. கீழ கடைப் பேரும் செல் நம்பரும். கவனிக்கல. இளவேனி பாத்துட்டு அழுதுருச்சு. அடுத்த நிமிசம் பிரகாசு என்னையக் குரூப்புல இருந்து எடுத்து விட்டுட்டான்.

அம்மா சேலை என்ன கலரு வேணும்? இதே மஞ்சளு இருக்கட்டுமா? பிரிண்ட்டுல கொஞ்சம் அடிக்கும். லேசாக் கொறைச்சு வைக்கிறேன்.

கருமாதிக்குப் போனேன். கூப்புடல, ஆனாக் கூடப் பொறந்தவனக் கூப்புடணுமா என்ன? தெய்வானை வரலன்னுட்டா. வாசல்ல பந்தல். உள்ள மதினி படத்தப் பெருசாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு வச்சிருந்தாக. நான் பண்ணுன படந்தான். யாரோ ஒரு அம்மா, ‘ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்ததாக்கும், எப்பிடி லச்சணமா இருக்கா பாரு’ன்னு சொல்லுது. அவ்வளவு சரியா வந்திருந்துச்சு. அண்ணன் மொட்டை போட்டு, தோள்ல துண்டோட, படத்துக்குக் கீழ உக்காந்துருந்தாக. பாதியா எளைச்சுப் போயிருந்தாக.

நான் போயி முன்னாடி உக்காந்தேன். போன எடுத்தேன். ‘அண்ணே, நீங்களே பாருங்க’ன்னு வேற ஒரு படத்த எடுத்து, வெரல வச்சு, அமுக்கிப் புடிச்சுக் காமிச்சேன். வரிசை வந்துச்சு. ‘இந்தா, இதுதான். நான் பெருசாக்கத்தான் வச்சேன். இது தானா வருது. தள்ளி விட்டா, எங்க வெரல் படுதோ அது ஒட்டிக்கிருது. மவுசா இருந்தா இப்பிடி ஆகாது’ன்னு, உங்ககிட்டச் சொன்னேன்ல, அது பூராத்தையும் சொன்னேன். சுத்தி எல்லாரும் நின்னு கேட்டாக. அண்ணன் நான் முடிக்கிற வரைக்கும் போனையே பாத்துக்கிட்டு இருந்தாக.

முடிச்சதும் நிமுந்து பாத்து, ‘சரிடா, நீ சிரிக்கல. ஒத்துக்கிறேன்’னாக.

எனக்கு அப்பிடியே பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. எந்திரிக்கப் போனேன். கையப் புடிச்சுக்கிட்டாக.

‘அழுதியாடா?’ன்னாக.

நான் சொல்லிக்கிட்டு இருந்தது டச்சப் பத்தி. அழுதியான்னா? பொய் சொல்ல வரல. ‘வேலையா இருந்தேண்ணே’ன்னேன். நெசந்தான அது? அண்ணன் கைய விட்டுட்டாக. ‘சரி, சாப்ட்டுட்டுப் போ’ன்னாக.

எங்க பக்கம் கருமாதிச் சாப்பாட்டுல மொதப் பந்தி வெளியாளுகளுக்கு. துக்கம் கேக்க வந்தவுக, தெரிஞ்சவுக, ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டிலுக்காரவுக, இவுகள எல்லாம் மொத உக்கார வச்சு அனுப்பிட்டு, கடைசியிலதான் வீட்டாளுகளும் பங்காளிகளும் ஒண்ணா உக்காருவோம். என்னைய மொதப் பந்தியில உக்கார வச்சாக. யாரும் ஏசல, ஒரு சொல்லு தப்பாப் பேசல. எல போட்டுத் தண்ணி தெளிச்சாக. பிரகாசுதான் சாம்பார் வாளியோட வந்தான். ‘சாம்பார் ஊத்தவாங்க?’ன்னான். ‘ங்க’ன்னுட்டான்ணே என்னையப் பாத்து. நான் தூக்கி வளத்த பய. போதும்னேன். சாப்புட்டேன். சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. கைகழுவிட்டு வந்து பாத்தா அண்ணன் அங்கிட்டுத் திரும்பி உக்காந்துருந்தாக. கெளம்பி வந்துட்டேன். அதோட சரி. தீவாளி வந்துச்சு, போச்சு. தை பொறந்துருச்சு. எங்களுக்குள்ள ஒரு பேச்சும் இல்ல.

இப்பச் சொல்லுங்க, ஒரு கண்ணாடித் துண்டு பண்ணுன வேலைதான இது?

என்ன கேக்குறீங்க? மூக்குத்தியச் சொல்லிருக்கலாமேன்னா? யாருகிட்ட, அண்ணன்கிட்டயா? அத எதுக்குண்ணே சொல்லணும்? அது வேலை. டியூப எடுத்தேன், மூக்குத்தி வச்சேன், உங்க அம்மா காதுக்குப் பின்னாடி இருந்த கைய எடுத்தேன்ல, அது மாதிரி. அண்ணன் கேட்டது அழுதியான்னு. நான் அழுகல. அவுகளோட மங்கக் கல்லு எனக்குத் தெரியும், அத வச்சேன், அதுக்கு ஒரு பகல் ஆச்சுன்னு சொன்னா அது கேட்ட கேள்விக்குப் பதிலா? நீங்க ஒருத்தருதான் இப்பிடிக் கேக்குறீங்க. தெய்வானைக்குக் கூட நான் இதச் சொன்னதில்ல. சொல்ல என்ன இருக்கு அதுல?

இந்தா, உங்க போன் அடிக்குது. தம்பிதான் போல. பேருக வந்துருச்சா? இங்கிட்டு அனுப்பி விடுங்க. அதுக்கு முன்னாடி அம்மா மொகத்த ஒரு தடவை பாத்துச் சொல்லிருங்க. கலரு சரியா இருக்கான்னு, நெத்தியில குங்குமம் போதுமான்னு. அங்க இருந்து பாத்தாத் தெரியாது. எந்திரிச்சுக் கிட்ட வாங்க.

அண்ணே. அண்ணே, அது டச் இல்ல. ஸ்கிரீன்ல கை வைக்கக் கூடாதுண்ணே, ரேகை விழுந்துரும், பெறகு எனக்குக் கலரு சரியாத் தெரியாது.

சரி, வைங்க.

வச்சுக்கங்க. நான் தொடச்சுக்கிறேன். அழுகுறதுன்னா அழுகுங்க, கடையில இப்ப யாரும் வரமாட்டாக. அங்க தொட்டா ஒண்ணும் ஆகாது, சும்மா வைங்க.

எங்க மதினி ஒரு பகல் பூரா இதே எடத்துலதான்ணே இருந்தாக. கை எட்டுற தூரம். நான் மவுச விடவே இல்ல.